வயர் எட்டுகிற இடத்தில் ஆக்ஸிஜன் சென்சார்

மொரப்பூரில் ஒருவருக்குத் திடீரென்று தன் கார் சைலன்ஸரைப் பிடிக்காமல் போய்விடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்தப் பக்கம் தருமபுரி, அந்தப் பக்கம் அரூர். இரண்டு ஊரிலும் விசாரித்துவிட்டு, "ஹெட்டர் எல்லாம் வேணும்னா சேலம் போயிடுங்க" என்ற பதிலோடு தொப்பூர் கணவாய் இறங்கி சேலத்துக்குப் போவார். அங்கே ஒரு பட்டறையில் பைப்பை வளைத்து, ஆர்கன் வெல்டிங் போட்டு, பளபளவென்று ஒன்றைச் செய்து தருவார்கள். கடைசியில் பழைய பைப்பிலிருந்து கழற்றிய ஒரு சின்ன சாமான் வயரோடு தொங்கிக்கொண்டிருக்கும்.

"அண்ணா, இந்த சென்சார எங்க வெக்கிறது?"

"வயர் எட்டுற எடத்துல வெச்சுக்கலாம் தம்பி, அதுக்கென்ன."

இந்த உரையாடல் சேலத்தில் மட்டும் நடப்பதில்லை. கோயமுத்தூர், பெங்களூர், அமெரிக்காவில் சொந்த ஷெட்டில் வேலை பார்ப்பவர் வரைக்கும் எல்லோரும் ஏதோ ஒரு வடிவத்தில் சொல்வதுதான். பைப்பின் விட்டம் இரண்டு இஞ்சா இரண்டே கால் இஞ்சா என்று மூன்று மாதம் யோசிக்கிறார்கள். சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று முப்பது வீடியோ பார்க்கிறார்கள். பின்பக்கம் தெரிகிற அந்தக் குழாய் முனைக்கு நீலக் கலர் ஏற்றலாமா என்று கூட விவாதம் நடக்கிறது. ஆனால் மொத்த வேலையிலும் எஞ்சின் கவனிக்கப் போகிற ஒரே இடம், அந்த 18 மில்லிமீட்டர் ஓட்டை, இரண்டு நிமிஷத்தில் வயரின் நீளத்தை வைத்து முடிவாகிவிடுகிறது. இது தலைகீழ் வேலை. சென்சாருக்கு இடத்தை முதலில் குறித்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரிதான் பைப்பை வளைக்க வேண்டும்.

ஏன் என்று புரிய அந்தச் சாமான் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஆக்ஸிஜன் சென்சார் அல்லது லாம்டா சென்சார் என்பது பாஷ் நிறுவனம் உருவாக்கி 1976-ல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்த பொருள். கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடுகள்தான் அதற்குக் காரணம். உள்ளே விரல் நுனி அளவுக்கு ஸிர்கோனியா பீங்கான் தொப்பி, அதன் மேல் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. தொப்பியின் வெளிப்பக்கம் புகை, உட்பக்கம் சாதாரணக் காற்று. இரண்டு பக்கமும் ஆக்ஸிஜன் அளவு வேறுபட்டால் சின்னதாக மின்னழுத்தம் பிறக்கும். வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானியர் 1889-லேயே எழுதி வைத்த சமன்பாடு, கெமிஸ்ட்ரி பாடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோகிற அதே நெர்ன்ஸ்ட் சமன்பாடுதான் இங்கே சைலன்ஸருக்குள் உட்கார்ந்திருக்கிறது. (மார்க்குக்காகப் படித்தவர்கள் ஒரு நிமிஷம் மௌனம் அனுசரிக்கலாம்!)

பெட்ரோல் அதிகமாகிப் புகையில் ஆக்ஸிஜன் இல்லாமல் போனால் 0.9 வோல்ட் பக்கம் காட்டும். காற்று அதிகமானால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கில் வரும்போது இரண்டுக்கும் நடுவே சடாரென்று தாவும். அந்தத் தாவலைப் பார்த்துத்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது. இந்தக் கணக்கு தப்பினால் கேடலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யாது. கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத பெட்ரோலையும் எரிக்க ஆக்ஸிஜன் வேண்டும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளைப் பிரிக்க ஆக்ஸிஜன் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிற குறுகலான சந்து அந்த 14.7-ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. ஆக்ஸிஜன் மட்டும்தான் தெரியும். ஒரு பிளக் அடிக்காமல் போய் பெட்ரோலும் காற்றும் எரியாமல் அப்படியே வெளியே வந்தால், "அடடா, ஆக்ஸிஜன் நிறைய இருக்கே, பெட்ரோல் பத்தலை போல" என்றுதான் அது சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றும். கண் தெரியாதவர் யானையைத் தடவிப் பார்த்த கதைதான். எந்த இடத்தில் தடவ விடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது சொல்லும் யானையும் இருக்கும்.

சரி, எங்கே வைப்பது?

எஞ்சினுக்கு ரொம்பப் பக்கத்தில் வைக்கலாமே, சீக்கிரம் சூடேறுமே என்று தோன்றும். சூடு தேவைதான். ஏறக்குறைய 300 டிகிரி வராமல் ஸிர்கோனியா வாய் திறக்காது. ஆனால் சென்சாருக்குள்ளேயே ஹீட்டர் வைத்து 1982 வாக்கிலேயே பாஷ் அந்தப் பிரச்சினையை முடித்துவிட்டது. மூன்று வயர், நான்கு வயர் சென்சார் என்றால் ஹீட்டர் இருக்கிறது என்று அர்த்தம். ஒற்றை வயர் என்றால் பழைய வகை, அதை மட்டும் சூடான இடத்தில்தான் வைத்தாக வேண்டும். ஹீட்டர் உள்ள சென்சாரைக் கொண்டுபோய் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு ஒட்டி வைத்தால் அது வறுபடுவதுதான் மிச்சம்.

அதைவிடப் பெரிய தப்பு, நான்கு சிலிண்டர் ஹெட்டரில் ஒரே ஒரு குழாயில் ஓட்டை போட்டு வைப்பது. வயர் அங்கேதான் எட்டியது என்பதால்! அப்போது கம்ப்யூட்டருக்கு ஒரு சிலிண்டரின் செய்தி மட்டும்தான் வருகிறது. அந்த ஒன்றின் இன்ஜெக்டர் கொஞ்சம் அடைத்திருந்தால் போதும், நல்லபடியாக இருக்கிற மற்ற மூன்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் கூடும். நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று எல்லோருக்கும் ஊசி போட்ட மாதிரி. நான்கு குழாயும் சேர்கிற கலெக்டருக்குப் பிறகு, புகை நன்றாகக் கலந்த பின் உள்ள நேர்ப் பகுதியில் வைப்பதுதான் முறை. டியூனிங்குக்கு வைட்பேண்ட் மீட்டர் விற்பவர்கள் பொதுவாக எஞ்சினிலிருந்து ஒன்றரை அடி, இரண்டு அடி தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். டர்போ இருந்தால் அதற்கு அந்தப் பக்கம்தான். முன்னால் வைத்தால் சூடும் அழுத்தமும் சேர்ந்து அளவையே கெடுத்துவிடும்.

அடுத்தது சாய்வு. குழாயின் குறுக்குவெட்டைக் கடிகாரம் என்று நினைத்துக்கொண்டால் சென்சார் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே மேலே இருக்க வேண்டும். குறைந்தது படுக்கைக் கோட்டிலிருந்து 10 டிகிரியாவது தூக்கியிருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் தண்ணீர். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் பிறக்கும். மார்கழி மாதக் காலையில் வண்டியைக் கிளப்பினால் சைலன்ஸர் முனையில் சொட்டுச் சொட்டாக விழுகிறதே, அதுதான். அந்தத் தண்ணீர் குழாயின் அடியில்தான் ஓடும். அடியில் சென்சார் இருந்தால், ஹீட்டர் சூடாக்கி வைத்த பீங்கான் மேல் போய் விழும். சூடான தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. பீங்கானுக்கு ஆகும், விரிசல் விட்டுவிடும். பட்டறையில் காரை லிஃப்டில் ஏற்றி வைத்து அடியிலிருந்து பார்க்கும்போது வெல்டிங் டார்ச்சுக்கு வசதியான இடம் எப்போதும் அடிப்பக்கம்தான் என்பது இந்தக் கதையின் சோகம்.

மூன்றாவது விஷயம் ஓட்டை, அதாவது வேண்டாத ஓட்டை. சைலன்ஸரில் லீக் இருந்தால் புகை வெளியே போகும், அவ்வளவுதானே என்று நினைப்பார்கள். இல்லை. எஞ்சின் ஒவ்வொரு முறை புகையைத் தள்ளும்போதும் குழாயில் அழுத்தம் ஏறி இறங்கும், இறங்குகிற கணத்தில் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். பிளாஞ்ச் கேஸ்கட்டில் ஒரு தலைமுடி அளவு இடைவெளி போதும். சென்சார் அந்த வெளிக்காற்றின் ஆக்ஸிஜனைப் பார்த்து "பெட்ரோல் பத்தலை" என்று புகார் சொல்லும். கம்ப்யூட்டர் ஊற்றும். அதிகப்படி பெட்ரோலும் லீக்கில் நுழைந்த ஆக்ஸிஜனும் சேர்ந்து போய் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். உள்ளே இருக்கிற தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். "புது சைலன்ஸர் போட்டதிலிருந்து மைலேஜ் போச்சு, இழுவையும் போச்சு" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்காவது இதுவாகத்தான் இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது பின்னாலிருந்து ஊதும் மெஷினால் காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை காட்டிக் கொடுத்துவிடும். சைக்கிள் பஞ்சர் கடையில் செய்கிற அதே வித்தை. லீக்கை அடைக்கிறேன் என்று கண்ட சிலிகான் பசையைப் பூசிவிடக் கூடாது. சிலிகான் ஆவி பீங்கான் மேல் கண்ணாடி மாதிரி படிந்து சென்சாரைக் கொன்றுவிடும். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கிற பசை தனியாக உண்டு. (ஈயம் கலந்த பெட்ரோலும் இதே கொலையைச் செய்தது. 2000-ல் நாடு முழுக்க அதை நிறுத்தியதால் அந்தத் தொல்லை விட்டது.)

இவ்வளவும் பார்த்து இடம் குறித்தால் வயர் எட்டாது. கட்டாயம் எட்டாது! அப்போது நகர வேண்டியது சென்சார் அல்ல, வயர். ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பீங்கான் தொப்பியின் உட்பக்கத்துக்குச் சுத்தமான காற்று வேண்டும் என்று மேலே பார்த்தோம் அல்லவா, பல சென்சார்களில் அந்தக் காற்று வயரின் கம்பி இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. வயரை வெட்டி ஈயம் வைத்துப் பற்றவைத்தால் மூச்சுக்குழாயை அடைத்த மாதிரி. கனெக்டரில் கிரீஸ் அப்பினாலும் அதே கதி. வெட்டாமல், இரண்டு பக்கமும் கனெக்டர் உள்ள நீட்டிப்பு வயர் போடுவது நல்லது. அதுவும் கிடைக்காவிட்டால் பற்றவைக்காமல் கிரிம்ப் செய்ய வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் முதல் சென்சார் பற்றி. அறியாமல் செய்கிற தப்புகள் அவை, மன்னித்துவிடலாம். இரண்டாவது சென்சார் விஷயத்தில் நடப்பது வேறு.

இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து பெட்ரோல் கார்களில் கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று வண்டியே கண்காணிக்கிற ஓ.பி.டி. இரண்டாம் நிலை கட்டாயமானது. அதற்காகத்தான் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சார். முன்னால் இருப்பது குதித்துக்கொண்டே இருக்கும், பின்னால் இருப்பது அமைதியாக ஒரே கோட்டில் இருக்கும். பின்னாலும் குதித்தால் கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஹெட்டர் போடுகிறவர்கள் கன்வெர்ட்டரையே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். பிறகு மஞ்சள் விளக்கு எரிகிறதே என்று ஸ்பேசர் என்ற ஒரு குட்டிக் குழாயை வாங்கி, பின் சென்சாரைப் புகையிலிருந்து ஓர் அங்குலம் வெளியே தூக்கி வைக்கிறார்கள். புகை சரியாக எட்டாததால் சென்சார் அமைதியாகிவிடும். விளக்கும் அணைந்துவிடும். ஸ்பேசர் விற்கிறவர் "ரேஸ் உபயோகத்துக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.

இதை "சென்சார் பொருத்துதல்" என்று சொல்வதே அநியாயம். ஜுரம் இருக்கிறதா என்று பார்க்க வாயில் வைத்த தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "நார்மல்" என்று எழுதுகிற வேலை. பல கார்களில் பின் சென்சார் வெறும் காவல்காரன் மட்டும் இல்லை. முன் சென்சார் வயதாகித் தடுமாறும்போது அதைத் திருத்துவதும் இதுதான். அதையும் ஏமாற்றினால் பெட்ரோல் கணக்கு மெல்ல மெல்ல எங்கேயோ போய்விடும்.

"லாரி விடாத புகையா? நம்ம ஒரு காரால என்ன ஆயிடப் போகுது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். லாரிப் புகை கறுப்பாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, திட்டிவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளலாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கன்வெர்ட்டர் இல்லாத கார் கடைவீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஐந்து நிமிஷம் ஐடிலில் நிற்கும்போது, அதன் சைலன்ஸர் முனை சரியாக ஸ்கூல் விட்டு வரும் ஐந்து வயசுப் பிள்ளையின் மூக்கு உயரத்துக்கு அதிகம் கீழே இல்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஓடிய குட்டி ரயில் 1941-ல் நின்றுபோன பிறகு, இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ எல்லாம் ரோட்டு வழிதான். அந்த ரோட்டின் காற்றைத்தான் எல்லோரும் சுவாசிக்கிறார்கள், காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரரின் பிள்ளைகள் உட்பட.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்துக்குப் பிறகு காற்று, ஒலி மாசு விதியை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோட்டில் நிறுத்துகிற போலீஸ்காரருக்கு சத்தம் தெரியும், சென்சார் தெரியாது. அமைதியான சைலன்ஸருக்குள் கன்வெர்ட்டரே இல்லாத கார் சல்யூட் வாங்கிக்கொண்டு போய்விடும். மாசுச் சான்றிதழ் சோதனையாவது பிடிக்குமா என்றால், விதியில் வழி இருக்கிறது. கன்வெர்ட்டர் உள்ள பெட்ரோல் காரை 2500 சுற்றுக்குப் பக்கத்தில் வைத்து லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரோட்டோரம் நிற்கும் வேனில் அதைப் பொறுமையாகச் செய்து பார்த்தவர்கள் கையைத் தூக்கலாம்! அபராதத்தை ஏற்றுவதை விட, சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் ஓ.பி.டி. பிளக்கைச் செருகி இரண்டு சென்சாரின் கோட்டையும் ஒரு நிமிஷம் பார்ப்பதைக் கட்டாயமாக்கினால் பாதி ஸ்பேசர்கள் தானாகக் கழன்று விழும். கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றுகிற சிலர் மிஞ்சுவார்கள், மிஞ்சட்டும்.

ஆசையே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பைப் வளைக்க ஆசைப்படுகிற கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரியான இடம் கோயமுத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இருக்கிறது. ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர்களே கட்டிக் கொண்டுவந்த கார்கள் அங்கே ஓடியிருக்கின்றன. கே.டி.எம். 390 பைக் எஞ்சினை வைத்துப் பல அணிகள் கட்டுகின்றன. காற்று போகும் வழியை 20 மில்லிமீட்டருக்குச் சுருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், பெட்ரோல் கணக்கை முதலிலிருந்து போட்டாக வேண்டும், அதற்குச் சென்சாரை நம்பித்தான் ஆக வேண்டும். ஒற்றை சிலிண்டர், குட்டையான குழாய் என்பதால் அங்கே வேறு ஒரு தொல்லை. ஐடிலில் குழாய் முனை வழியாகவே வெளிக்காற்று திரும்பி உள்ளே வந்து சென்சாரைக் குழப்பும். அதனால் முனையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், எஞ்சின் பக்கமோ சூடு விரட்டும். இரண்டுக்கும் நடுவே இடம் தேடி மண்டையை உடைத்துக்கொள்வதில் இருக்கிற படிப்பு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

சேலத்துக்குக் கிளம்பிய நம்ம மொரப்பூர்க்காரரிடம் வருவோம். கன்வெர்ட்டரை விட்டு வைத்துவிட்டு அதற்கு முன்னும் பின்னும் மட்டும் பைப் மாற்றுகிறார் என்றால் பாதி பிரச்சினை முடிந்தது, சென்சார்களின் பழைய இடங்களைப் புதுக் குழாயில் அதே தூரத்தில் அப்படியே குறித்துக்கொள்ளலாம். சென்சார் மாட்டும் நட்டை லேத் பட்டறையில் 18 மில்லிமீட்டர், ஒன்றரை பிட்ச் மரை போட்டு வாங்கிக்கொள்ளலாம். வெல்டிங் போடும்போது நல்ல சென்சாரை அதில் மாட்டி வைக்கவே கூடாது. செத்துப்போன பழைய சென்சார் ஒன்றை மாட்டிக்கொண்டால் சூட்டில் மரை வளையாது. வேலை முடிந்ததும் 500 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கும் ப்ளூடூத் ஓ.பி.டி. கருவியை மாட்டி, போனில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே திரும்பி வர வேண்டும் (பார்ப்பது பக்கத்து சீட்டில் இருப்பவர், ஓட்டுகிறவர் அல்ல). தொப்பூர் ஏற்றம், தருமபுரி டிராபிக், மொரப்பூர் வரை நேர் ரோடு. பைப் மாற்றுவதற்கு முன் இருந்த எண்ணை எழுதி வைத்திருந்தால் ஒப்பிடலாம். கூட்டல் ஐந்துக்குள் நின்றால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். பத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் எங்கேயோ காற்று நுழைகிறது, மறுநாள் காலை சோப்புத் தண்ணீரோடு காருக்கு அடியில் படுக்க வேண்டியதுதான்.